பொய் நெருப்பு

எங்கள் வீட்டு முன்னறையில் நாற்பது குளிர்காலங்கள் நிலக்கரி நெருப்பு எரிந்தது. இப்போது அதே இடத்தில் மின்சாரத்தில் ஒரு நெருப்பு எரிகிறது. எரிகிறது என்று சொல்வதும் சரியில்லை, எரிவதுபோல் தெரிகிறது. இந்தச் சிறிய மாற்றத்தைச் செய்ய எனக்கு ஏன் இவ்வளவு காலம் எடுத்தது, அதற்கிடையில் நான் எதை இழக்க இருந்தேன் என்பதைச் சகோதரிகளோடு பகிர்ந்துகொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

நான் கலியாணம் முடித்து இங்கிலாந்துக்கு வந்தது 1983 நவம்பரில். என் கணவர் அதற்குச் சில வருடங்கள் முன்பே வந்து, ஒரு வைத்தியசாலையின் ஆய்வுகூடத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். லண்டன் என்றால் நம்மவர்கள் நாலு பேர் இருந்திருப்பார்கள். நாங்கள் இருந்ததோ வடக்கே, தென் யோர்க்ஷயரில், நிலக்கரிச் சுரங்கத்தை நம்பி வாழ்ந்த ஒரு சிறிய ஊர். ஒன்றோடொன்று முதுகு ஒட்டிய செங்கல் வீடுகள். ஒவ்வொரு கூரையிலும் ஒரு புகைபோக்கி. பின்னேரம் நாலு மணிக்கே இருட்டிவிடும். ஊர் முழுக்க நிலக்கரிப் புகை மணக்கும்.

நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் வெள்ளைக்காரர் காலத்துப் பங்களாக்களுக்குப் போனவர்கள், சுவருக்குள் குடைந்து கட்டிய கணப்படுப்பைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் முன்னறையிலும் அப்படி ஒன்றுதான் இருந்தது. கீழே இரும்புத் தட்டி, அதற்கடியில் சாம்பல் விழும் தட்டு, மேலே கூரைவரை போகும் புகைபோக்கி. பக்கத்தில் நிலக்கரி வாளி, ஒரு குறடு, ஒரு கிளறுகம்பி, ஒரு சின்னச் சவல்.

ஊரில் உம்மாவோடு விறகடுப்பு மூட்டிப் பழகிய எனக்கு, இதுவும் ஒரு வேலையா என்ற எண்ணம். முதல் நாள் அவர் வேலைக்குப் போன பிறகு நானே மூட்டப் பார்த்தேன். நிலக்கரி விறகு மாதிரி இல்லை. நெருப்புக்குச்சிக்கும் கடதாசிக்கும் அது பிடி கொடுக்கவில்லை. அறை முழுக்கப் புகை. கண் எரிந்து, இருமி, கடைசியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அழுதபடி உட்கார்ந்துவிட்டேன்.

புகையைக் கண்டு பதறி ஓடி வந்தவர் அடுத்த வீட்டு மூதாட்டி. அவரை நாங்கள் ஆன்டி என்றுதான் கூப்பிட்டோம். அவருடைய கணவர் முப்பது வருடங்களுக்கு மேல் சுரங்கத்துக்குள் இறங்கி நிலக்கரி வெட்டியவர். ஆன்டி பேசிய ஆங்கிலம் எனக்கு விளங்கவில்லை. ஆனால் கையால் செய்து காட்டியது விளங்கியது. பழைய பத்திரிகைத் தாளை முறுக்கி முடிச்சுப் போட வேண்டும். அதன்மேல் சுள்ளிகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்க வேண்டும். சின்னக் கரித்துண்டுகளை இடைவெளி விட்டு வைக்க வேண்டும். தீ பிடித்ததும் ஒரு முழுத்தாளை விரித்து அடுப்பின் வாயை மறைத்துப் பிடித்தால், கீழிருந்து காற்று இழுத்துக்கொண்டு போய் நெருப்பு 'குப்'பென்று எழும். அந்தத் தாளும் சில வேளை பற்றிவிடும். அப்போது அதை உடனே உள்ளே தள்ளிவிட வேண்டும். ஒரு முறை என் விரல் சுட்டு, அந்த வடு இன்னும் இருக்கிறது.

1984 மார்ச்சில் சுரங்கத் தொழிலாளர்களின் பெரிய வேலைநிறுத்தம் தொடங்கியது. 1985 மார்ச் வரை, ஏறக்குறைய ஒரு வருடம் அது நீடித்தது. அந்தக் குளிர்காலத்தில் நிலக்கரி தோண்டியவர்களின் வீடுகளிலேயே நிலக்கரி இல்லை. சுரங்கக் கழிவு மேடுகளில் ஆணும் பெண்ணும் பிள்ளைகளுமாகக் கிண்டிக் கிண்டிப் பொறுக்கினார்கள். ஆன்டியும் அவர் கணவரும் மாலையானதும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அடுத்த நாள் நாங்கள் அங்கே போவோம். இரண்டு வீட்டுக்கும் ஒரே நெருப்பு. நான் இஞ்சி போட்டுத் தேத்தண்ணீர் ஊற்றுவேன். ஆன்டி ரொட்டித்துண்டைக் கம்பியில் குத்தி நெருப்பில் வாட்டித் தருவார். நான் ஆங்கிலம் பேசப் பழகியது அந்த நெருப்படியில்தான். ஆன்டியின் கணவர் மட்டும் அதிகம் பேசமாட்டார். அவருக்குப் பேச மூச்சு இருக்கவில்லை. நிலக்கரித் தூசு நுரையீரலில் படிந்து வரும் நோய் அவருக்கு. 1986இல் அவர் இறந்துபோனார்.

எங்களுக்கு ஒரே மகள். அவள் பிறந்து வளர்ந்ததும் அந்த நெருப்பைச் சுற்றித்தான். ஓதப் பழகியது, பாடம் படித்தது, குளித்துவிட்டு வந்து தலை காய வைத்தது, நோன்பு காலத்தில் ஸஹருக்கு எழும்பித் தூக்கக் கண்ணோடு உட்கார்ந்திருந்தது எல்லாம் அங்கேதான். அவளுடைய வாப்பா ஸுபஹ் தொழுதுவிட்டு நேரே முன்னறைக்குப் போவார். முந்திய நாள் சாம்பலை அள்ளுவார், கடதாசி முறுக்குவார், நெருப்பு மூட்டுவார். நாங்கள் எழும்பி வரும்போது அறை சூடாக இருக்கும். இரவில் இந்த ஊர்க்காரர்கள் பொடிக்கரியைப் போட்டு மூடி, விடியும்வரை உள்ளே கனன்றுகொண்டிருக்க விடுவார்கள். அவர் மட்டும் அதற்குச் சம்மதிக்க மாட்டார். படுக்குமுன் நெருப்பை அணைத்துவிடும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை நினைவுபடுத்தி, கங்குகளைப் பரப்பி, அவை கறுத்துப்போகும்வரை பார்த்திருந்துவிட்டுத்தான் படுக்கப் போவார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வீட்டுக்கு எரிவாயுவில் இயங்கும் கொதிகலன் பூட்டி, அறைக்கு அறை சுடுநீர் ரேடியேட்டர் வைத்தோம். அதற்குப் பிறகு நிலக்கரி நெருப்பு தேவையே இல்லை. திறந்த கணப்படுப்பில் எரியும் கரியின் வெப்பத்தில் பெரும்பகுதி புகைபோக்கி வழியாக வானத்துக்குத்தான் போகிறது. நூற்றுக்கு முப்பது பங்கு அறைக்குக் கிடைத்தால் பெரிய காரியம். அது மட்டுமல்ல, அறையிலுள்ள சூடான காற்றையும் அது இழுத்துக்கொண்டு போகும். இதெல்லாம் அவருக்குத் தெரியும். என்றாலும் நெருப்பை விடவில்லை. நானும் விடச் சொல்லவில்லை.

ஏறக்குறைய அதே காலத்தில் ஆன்டி தன் வீட்டுக் கணப்படுப்பை அடைத்துவிட்டு, மின்சார நெருப்பு ஒன்றை வாங்கி வைத்தார். முழங்கால் வலியோடு கரி வாளி தூக்க முடியாது என்றார். பிளாஸ்டிக்கில் செய்த கரித்துண்டுகள், அடியில் ஒரு சிவப்பு மின்குமிழ், குமிழின் மேல் மெல்லிய தகட்டில் ஒரு சிறு காற்றாடி. குமிழின் சூட்டில் காற்று மேலெழும்ப, அந்தக் காற்றாடி சுற்றும். அதன் நிழல் கரித்துண்டுகளில் ஆடும்போது நெருப்பு அசைவதுபோல் இருக்கும். நான் பார்த்துச் சிரித்துவிட்டேன். "இது பொய் நெருப்பு ஆன்டி" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "உண்மையான நெருப்பு என் புருஷனின் மூச்சைத் தின்றதை நான் பார்த்தேன். எனக்குப் பொய் போதும்" என்றார். அன்று எனக்கு அந்தப் பேச்சு உறைக்கவில்லை. 2001இல் ஆன்டியும் போய்ச் சேர்ந்தார்.

என் கணவர் 2019 ஜனவரியில் மௌத்தானார். இத்தாக் காலத்தின் அந்த நீண்ட நாட்களில் எனக்குத் துணையாக இருந்தது அவர் மூட்டிய நெருப்புத்தான். ஸுபஹ் தொழுதுவிட்டு நானே சாம்பல் அள்ளினேன், கடதாசி முறுக்கினேன். அவருடைய சவலைப் பிடிக்கும்போது அவருடைய கையைப் பிடிப்பதுபோல் இருக்கும். அந்த நெருப்பு அணைந்தால் அவர் இன்னொரு முறை போய்விடுவார் என்று எனக்குள் ஒரு பயம் இருந்திருக்க வேண்டும். அப்படி யாரிடமும் சொன்னதில்லை.

மகள் கலியாணம் முடித்து லெஸ்டரில் இருக்கிறாள். எங்கள் ஊரிலிருந்து காரில் ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் ஓட வேண்டும். அவளுக்கு ஒரே மகன், 2017இல் பிறந்தவன். கோடையில் அவனைக் கூட்டிக்கொண்டு வந்து பத்து நாள், இரண்டு கிழமை என்று நிற்பாள். குளிர்காலத்தில் வரமாட்டாள். 2020, 2021இல் கொரோனா என்று யாரும் எங்கும் போகவில்லை. அதனால் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அதற்குப் பிறகும் ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. பாடசாலை, பனி, கார் பழுது, மருமகனுக்கு வேலை. "நீங்க இங்க வாங்களே உம்மா" என்பாள். நான் போய் நாலு நாள் இருந்துவிட்டு வருவேன். ஆனால் மனதுக்குள் புழுங்கினேன். வாப்பா போனதும் தாய் வீடு கசந்துவிட்டதா? ஒரே பிள்ளை, அவளும் இப்படியா? இலங்கையில் உள்ள ராத்தாவுக்குத் தொலைபேசியில் சொல்லிச் சொல்லி அழுதிருக்கிறேன். ஒரு நாள்கூட மகளிடம் நேரே கேட்கவில்லை. கேட்டால் தாழ்ந்துவிடுவேன் என்ற வீம்பு.

2023ஆம் ஆண்டு நோன்பு மார்ச் கடைசியில் வந்தது. அந்த நோன்பிலாவது வருவாள் என்று பார்த்திருந்தேன். வரவில்லை. பெருநாளுக்கு முந்திய இரவு தொலைபேசியில் பேரன் பேசினான். அவனுக்கு ஆறு வயது.

"உம்மும்மா, உங்கட நெருப்பு எப்ப சாகும்?"

"ஏன் மகன் அப்படிக் கேக்கிறீங்க?"

"அது இருக்கிற வரைக்கும் அங்க போக ஏலா என்டு உம்மா டடாட்ட சொன்னாங்க. எனக்கு அங்க மூச்சு வராதே."

என் கையில் இருந்த தொலைபேசி நடுங்கியது. மகளைக் கூப்பிடச் சொன்னேன். அவள் முதலில் மழுப்பினாள். நான் விடவில்லை. பிறகு அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். பேரனுக்கு இரண்டு வயதிலிருந்தே இழுப்பு. அது எனக்கும் தெரியும். ஆனால் 2019 டிசம்பரில் என் வீட்டில் நின்றுவிட்டுப் போன அன்றிரவு அவனை அம்புலன்ஸில் கொண்டுபோனது எனக்குத் தெரியாது. ஆஸ்துமா கிளினிக் தாதி, வீட்டில் யாராவது சிகரெட் குடிக்கிறார்களா, விறகோ நிலக்கரியோ எரிக்கிறீர்களா என்று கேட்டிருக்கிறாள். புகையோடு வரும் நுண்ணிய தூசு எவ்வளவு சிறியது என்றும் விளக்கியிருக்கிறாள். ஒரு மில்லிமீற்றரை நானூறு கூறாக்கினால் வரும் ஒரு கூறின் அளவிலும் அதைவிடச் சிறிதாகவும் அவை இருக்குமாம். கண்ணுக்குத் தெரியாது, மூக்கிலும் தங்காது, நேரே நுரையீரலின் அடிவரை போய்விடும். புகைபோக்கி நன்றாக இழுத்தாலும், கிளறும்போதும் கரி போடும்போதும் சாம்பல் அள்ளும்போதும் அறைக்குள் கொஞ்சம் வரத்தான் செய்யும்.

"ஏன் மகள் எனக்குச் சொல்லல்ல?"

"உம்மா, வாப்பா மூட்டின நெருப்பை அணைங்க என்டு நான் எந்த வாயால சொல்ல? அதுக்கு முன்னால நீங்க இருந்த இருப்பை நான் பார்த்தேன் தானே."

அன்றிரவு நான் தூங்கவில்லை. நான் அவளைப் பற்றி நினைத்ததெல்லாம் நினைவுக்கு வந்தது. அவள் என் மனம் நோகக்கூடாதென்று மூன்று வருடங்கள் பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். நானோ, என் கணவரின் நினைவைக் காப்பாற்றுகிறேன் என்று அவருடைய பேரனையே வீட்டு வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்திருக்கிறேன். ஆன்டி சொன்னது ஏறக்குறைய முப்பது வருடங்களுக்குப் பிறகு அன்றுதான் உறைத்தது.

பெருநாள் கழிந்த கிழமை, கரி கொண்டு வருபவர் வந்தார். இதுதான் கடைசி லோட் என்றார். இங்கிலாந்தில் வீடுகளில் எரிக்கும் சாதாரண நிலக்கரியைப் பைகளில் விற்பது 2021 மே மாதத்திலேயே தடை செய்யப்பட்டது. பையில் கட்டாமல் லொறியில் கொண்டு வந்து கொட்டுவதும் 2023 மே முதலாம் திகதியோடு நின்றது. புகை குறைந்த செயற்கைக் கரிக்கட்டி இருக்கிறது, அதைக் கொண்டு வரவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். புகை குறைந்ததென்றாலும் புகைதானே. அவர் கொண்டு வந்த கரியையும் இறக்க விடவில்லை. நாற்பது வருட வாடிக்கை. மனிதர் தொப்பியைக் கழற்றிக் கை கொடுத்துவிட்டுப் போனார்.

இந்த நாட்டுக்கும் இது புதிய பாடம் அல்ல. 1952 டிசம்பர் 5ஆம் திகதியிலிருந்து 9ஆம் திகதிவரை லண்டனில் நிலக்கரிப் புகையும் மூடுபனியும் சேர்ந்து நகரத்தையே மூடின. அன்றைய கணக்கில் 4000 பேர் அதனால் இறந்தார்கள். பிந்திய ஆய்வுகள் 12,000 பேர் அளவில் இருக்கும் என்கின்றன. இறந்தவர்களில் அதிகமானோர் குழந்தைகளும் முதியவர்களும் நெஞ்சு நோயாளிகளும். 1956இல் சுத்தமான காற்றுக்கென்று சட்டமே கொண்டு வந்தார்கள். பெரிய நகரங்களில் புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிகள் வந்தன. எங்களுடையதைப் போன்ற சுரங்க ஊர்கள் சிலவற்றில் பழைய வழக்கம் நீண்டது.

நெருப்பை நிறுத்தினேன். ஆனால் அந்த இடத்தைப் பார்க்க முடியவில்லை. அறையின் நடுவில் ஒரு கறுப்புப் பொந்து. கதிரைகள் எல்லாம் அதைப் பார்த்தபடி. மையித்து எடுத்துப் போன வீடு மாதிரி இருந்தது. கதிரைகளைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். ரி.வி.யை அங்கே வைத்துப் பார்த்தேன். எதுவும் சரிவரவில்லை. அப்போதுதான் மகள், இப்போது வரும் மின்சார நெருப்பைப் பற்றிச் சொன்னாள். எனக்கு ஆன்டியின் பிளாஸ்டிக் கரித்துண்டுகள்தான் கண்ணில் வந்தன. "பொய் நெருப்பெல்லாம் எனக்கு வேண்டாம்" என்றேன். "வந்து பாருங்க உம்மா, பிறகு சொல்லுங்க" என்று கடைக்குக் கூட்டிப் போனாள்.

பார்த்தேன். தொழில்நுட்பம் எவ்வளவோ மாறியிருக்கிறது. உண்மையான கரியிலிருந்து அச்செடுத்து வார்த்த துண்டுகள். ஒவ்வொன்றும் வேறு வேறு வடிவம். விளிம்பில் வெந்து சாம்பல் பூத்ததுபோல் நிறம். உள்ளே சின்ன எல்.ஈ.டி. விளக்குகள். பின்னால் பளபளக்கும் தகட்டுத் துண்டுகள் பதித்த ஒரு தண்டு மெதுவாகச் சுழல்கிறது. அதில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் ஒரு திரையில் விழும்போது சுடர் எழுந்து எழுந்து அடங்குகிறது. சூடு வருவது வேறு வழியில். ஒரு சுருள் கம்பி சூடேற, சின்ன விசிறி அந்தக் காற்றை வெளியே தள்ளுகிறது. ஒரு கிலோவொட், இரண்டு கிலோவொட் என்று இரண்டு நிலை. சூடு இல்லாமல் சுடரை மட்டும் எரியவிடலாம். அதற்கு ஒரு மின்குமிழ் அளவு மின்சாரம்தான்.

2023 செப்டெம்பரில் பூட்டினோம். அதற்கு முன் புகைபோக்கி துப்புரவாக்குபவரைக் கடைசி முறையாக அழைத்தேன். நீண்ட தடிகளைப் பூட்டிப் பூட்டித் தூரிகையை மேலே ஏற்றினார். இரண்டு வாளி புகைக்கரியும் ஒரு பழைய காக்கைக் கூட்டுச் சுள்ளிகளும் விழுந்தன. நாற்பது வருடங்கள் அடிக்கடி சுத்தம் செய்தும் அவ்வளவு. புகைபோக்கியை ஒரேயடியாக அடைத்துவிடக் கூடாது, காற்றோட்டம் இல்லாவிட்டால் சுவரில் ஈரம் பிடிக்கும் என்று அவர் சொன்னார். அதனால் மேலே மழை விழாத மூடியும் கீழே அடைத்த பலகையில் காற்றுப் போக ஒரு சிறு தட்டியும் வைத்தோம். மின் வேலை தெரிந்தவர் வந்து அடுப்புக்குப் பக்கத்திலேயே தனி பிளக் பொயின்ட் போட்டுத் தந்தார். இரண்டு கிலோவொட் ஹீற்றர் ஏறக்குறைய ஒன்பது அம்பியர் மின்சாரம் இழுக்கும். அதை நீட்டிய வயரில் ஒருபோதும் மாட்ட வேண்டாம், வயர் சூடேறித் தீப்பிடிக்கும் என்று எச்சரித்தார். இந்த அறிவுரை எந்த நாட்டுக்கும் பொருந்தும்.

செலவையும் சொல்ல வேண்டும். மின்சாரத்தின் சூடு முழுவதும் அறைக்குள்ளேயே வருகிறது, வீண் போவதில்லை. ஆனால் மின்சாரம் விலை கூடியது. 2024இல் ஒரு அலகு சுமார் 25 பென்ஸ், எரிவாயு சுமார் 6 பென்ஸ். இரண்டு கிலோவொட்டில் ஒரு மணித்தியாலம் வைத்தால் அரைப் பவுண் போய்விடும். ஆகவே வீட்டுக்குச் சூடு ரேடியேட்டரிலிருந்து. முன்னறை நெருப்பில் அநேகமாகச் சுடர் மட்டும். குளிர் கூடிய இரவுகளில் ஒரு மணித்தியாலம் சூடும் போடுவேன்.

அந்த டிசம்பரில் பாடசாலை விடுமுறைக்கு மகள் குடும்பத்தோடு வந்தாள். நாலு வருடங்களுக்குப் பிறகு ஒரு குளிர்காலத்தில் என் வீட்டில் பேரனின் சத்தம். பத்து நாள் நின்றார்கள். நான் இரவில் எழும்பி எழும்பி அவன் அறை வாசலில் நின்று மூச்சைக் கேட்டேன். ஒரு நாள் மட்டும் தடிமனோடு கொஞ்சம் இழுத்தது, நீல இன்ஹேலர் கொடுத்ததும் அடங்கிவிட்டது. அவனுடைய ஆஸ்துமா போய்விட்டது என்று நான் சொல்லவில்லை. குளிரும் தடிமனும் மகரந்தமும் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் அவனை வருத்த என் வீட்டிலிருந்து ஒன்று குறைந்தது.

முதல் நாளே அவன் நெருப்பின் முன் குந்திக்கொண்டு கையை நீட்டினான். சுடவில்லை.

"உம்மும்மா, இது பொய்யா?"

அந்தக் கேள்விக்கு நான் பல மாதங்களாகப் பதில் தேடிக்கொண்டிருந்தேன். அவன் கேட்டபோது சுலபமாக வந்தது. "இது நெருப்பைப் பார்த்துச் செய்தது மகன். நெருப்பு என்டு சொல்லி உங்களை ஏமாத்தினாத்தான் பொய்."

அவனுக்கு அது போதவில்லை. எப்படிச் சுடர் வருகிறது என்று கேட்டான். மருமகன் பிளக்கைக் கழற்றிவிட்டு, பக்கத் தட்டைத் திறந்து சுழலும் தண்டைக் காட்டினார். பிறகு அவன், உண்மையான நெருப்பை எப்படி மூட்டுவது என்று கேட்டான். பழைய பத்திரிகை எடுத்து வந்து, நானும் மகளும் அவனும் தரையில் உட்கார்ந்து கடதாசி முறுக்கினோம். சுள்ளி அடுக்கினோம். கொட்டிலில் மிஞ்சியிருந்த கரியில் நாலு துண்டை வைத்தோம். நெருப்புக்குச்சி மட்டும் கிழிக்கவில்லை. "உங்கட உம்மாட வாப்பா ஒவ்வொரு நாளும் ஸுபஹுக்குப் பிறகு இப்படித்தான் செய்வார்" என்று சொன்னேன். மகள் வாப்பாவின் முடிச்சை அப்படியே போட்டாள். அவள் அதைக் கவனித்து வைத்திருந்தது எனக்குத் தெரியாது. அவர் போன பிறகு நாங்கள் இருவரும் அவரைப் பற்றி அழாமல் பேசியது அன்றுதான்.

இந்தக் கதைக்கு ஒரு சின்னப் பின்குறிப்பும் உண்டு. லெஸ்டருக்குப் போகும் எம்.1 பெருந்தெருவில், ரற்கிளிஃப் ஒன் சோர் மின்நிலையத்தின் எட்டுப் பெரிய குளிரூட்டும் கோபுரங்கள் தெரியும். வெள்ளை வெள்ளையாக ஆவி கிளம்புவதைப் பார்த்துப் பேரன் அதற்கு மேகத் தொழிற்சாலை என்று பெயர் வைத்திருந்தான். அது நிலக்கரியில் ஓடிய மின்நிலையம். நான் வீட்டில் நிறுத்திய நிலக்கரி அங்கே எரிந்து கம்பி வழியாக என் வீட்டுக்கு வருகிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. 2024 செப்டெம்பர் 30ஆம் திகதி அந்த நிலையம் மூடப்பட்டது. பிரித்தானியாவில் நிலக்கரியில் ஓடிய கடைசி மின்நிலையம் அதுதான். 1882இல் லண்டனில் தொடங்கிய ஒரு கதை 142 வருடங்களுக்குப் பிறகு முடிந்தது. செய்தியை ரி.வி.யில் பார்த்தபோது ஆன்டியையும் அவர் கணவரையும் நினைத்துக்கொண்டேன்.

எனக்குக் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். நிலக்கரி நெருப்புக்குச் சத்தம் உண்டு, மணம் உண்டு, கை வேலை உண்டு. இதற்கு அவை இல்லை. ஸுபஹ் தொழுதுவிட்டு எழும்பினால் இன்றும் கை சவலைத் தேடுகிறது. அவருடைய சவலும் குறடும் கிளறுகம்பியும் அடுப்புக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. வெள்ளிக்கிழமைகளில் அவற்றைத் துடைத்து வைப்பேன். பிறகு அவருக்காக ஓதி துஆச் செய்வேன். அவருக்குப் போய்ச் சேர்வது அந்த துஆ மட்டும்தான் என்று இப்போது விளங்குகிறது.

சகோதரிகளே, உங்களில் பலருடைய வீட்டில் கணப்படுப்பு இருக்காது. விறகடுப்பு இருக்கலாம். விறகுப் புகைக்குள்ளும் அந்த நுண்ணிய தூசு உண்டு. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்பு ஊதும் தாய்மாரை ஊரில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். நானும் அப்படி ஊதிய தாயின் மகள்தான். முடியுமானவர்கள் எரிவாயு அடுப்புக்கு மாறுங்கள். முடியாவிட்டால் குசினிக்குப் புகைபோக்கியாவது வையுங்கள். பிள்ளையைப் புகைக்கு வெளியே விட்டுவிட்டு அடுப்பு மூட்டுங்கள்.

இன்னுமொன்று. பிள்ளைகள் வரவில்லை என்றால், ஊருக்கெல்லாம் சொல்லி அழுமுன் அவர்களிடமே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை. என் ஆறு வயதுப் பேரன் கேட்க வேண்டியதாயிற்று.

அதற்குப் பிறகு அவர்கள் வராத குளிர்காலம் இல்லை. இரவு படுக்குமுன் நான் முன்னறைக்குப் போய் ஆளியை அமத்துகிறேன். கங்கு கறுக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. என்றாலும் பழக்க தோஷத்தில் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுத்தான் போகிறேன்.